திருப்பிப் பார்த்து வாங்கிய குல்லு சால்வை

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு பள்ளத்தாக்கில் கைத்தறியில் நெய்யப்பட்ட கம்பளிச் சால்வை ஒன்றை நான் ஐந்து குளிர்காலங்களாகப் போர்த்தி வருகிறேன். நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், எடை 380 கிராம். சால்வையின் உடல் முழுவதும் காய்ந்த வாதுமை ஓட்டின் பழுப்பு நிறம். அதில் புட்டாவோ பூவோ எதுவும் இல்லை. இரண்டு முந்திகளிலும் மட்டும், சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கருப்பு ஆகிய ஐந்து நிறங்களில், வைர வடிவங்களும் படிக்கட்டுகளும் சிறு கட்டங்களுமாக நெருக்கி ஓடும் பட்டைகள் இருக்கின்றன. நடுவில் நான்கு விரல் அகலத்தில் ஒரு பெரிய பட்டை, அதன் இருபுறமும் ஒரு விரல் அகலத்தில் இரண்டு சிறிய பட்டைகள், கடைசியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையே முறுக்கிக் கட்டிய குஞ்சம். இதற்கு நான் கொடுத்த விலை 3,400 ரூபாய். அந்த விலைக்கு இது தகுமா, எந்த இடத்தில் இது எனக்குக் குறை வைத்தது, வாங்கப் போகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை எல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

நல்ல சால்வையைப் பற்றிச் சொல்லும் முன் அதற்கு முந்தைய மோசமான சால்வையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். தில்லிக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில் மணாலிக்குச் சுற்றுலா போயிருந்தபோது, அங்கே ஒரு கடையில், அசல் குல்லு, கைத்தறி, சுத்தமான கம்பளி என்று மூன்று முறை உறுதி சொல்லி 900 ரூபாய்க்கு ஒன்றைக் கொடுத்தார்கள். கரையின் நிறங்கள் கண்ணைப் பறித்தன. மடிப்பைக்கூட முழுதாகப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். நான் ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். பட்டுப்புடவையைக் கையில் எடுத்தால் முதலில் முந்தியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஊறிய பழக்கம். அதைக் கம்பளிக்குக் கடைப்பிடிக்கத் தோன்றாமல் போனது எனக்கு இன்றும் மனக்குறை. வீட்டுக்கு வந்து திருப்பியபோது, கரையின் பின்புறத்தில் நிற நூல்கள் நெசவில் பிடிபடாமல் நீளநீளமாகத் தொங்கின, அவற்றைச் சீராகக் கத்தரித்த முனைகள் புல்லை வெட்டியது போல வரிசையாக நின்றன. விசைத்தறியில் வடிவங்களை நெய்யும் ஜக்கார்டு கருவியைப் பொருத்தி நெய்யும்போது ஒவ்வொரு நிற நூலும் துணியின் அகலம் முழுக்க ஓடுகிறது, வேண்டிய இடத்தில் மேலே தலைகாட்டிவிட்டு மற்ற இடங்களில் பின்னால் மிதக்கிறது, கடைசியில் அந்த மிதப்பை இயந்திரமே வெட்டிவிடுகிறது. குஞ்சத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து எரித்துப் பார்த்தேன். கம்பளியானால் தலைமுடி கருகும் நாற்றம் வரவேண்டும், சாம்பல் விரலில் பொடிய வேண்டும். இதுவோ உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான கரிய மணியாக இறுகிவிட்டது. சுத்தமான அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அது பந்துபந்தாகத் திரண்டு, உதறினால் பொறி பறக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இப்படி ஏமாறியது நான் மட்டும் அல்ல என்பதை அதற்குப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. இன்று அந்தப் பட்டியலில் உள்ள 11 வகைகளில் சால்வையும் உண்டு. குல்லு சால்வைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் குறியீடு கிடைத்த அதே 2005-06 நிதியாண்டில்தான் இதற்கும் கிடைத்தது. ஆக, குல்லு மாவட்டத்துக்கு வெளியே விசைத்தறியில் ஓடிய துணியைக் குல்லு சால்வை என்று விற்பது வாடிக்கையாளரை ஏய்ப்பது மட்டும் அல்ல, சட்டப்படியும் குற்றம். ஆனாலும் குல்லு, மணாலி கடைத்தெருக்களில் அது குவிந்து கிடக்கிறது, அசலுக்குப் பக்கத்திலேயே, அசலின் பெயரிலேயே. நெய்கிறவர்களின் வயிற்றில் அடிக்கும் செயல் இது. காஞ்சிபுரம் சேலையின் பெயரால் நடப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது என்னிடம் இருக்கும் சால்வையை வாங்கியது ஒரு தசரா சமயத்தில். மற்ற ஊர்களில் விஜயதசமியன்று தசரா முடியும். குல்லுவில் அன்றுதான் தொடங்கும், ஏழு நாள் நடக்கும். டால்பூர் மைதானத்தில் ரகுநாதர் தேர் இழுபட, சுற்றுவட்டாரக் கிராமங்களின் தெய்வங்கள் பல்லக்குகளில் வந்து கூடும். அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தாலே இந்தக் கரை அவ்வூரார் வாழ்வில் எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும். ஆண்களின் தலையில் வட்டத் தொப்பி, அதன் நெற்றிப் பட்டையில் அதே வைர வடிவம். பெண்கள் உடலைச் சுற்றி உடுத்தியிருக்கும் பட்டு என்னும் தடித்த கம்பளி ஆடையின் ஓரங்களிலும் அதே. பெயரைக் கேட்டு நம் பட்டு என்று எண்ணிவிட வேண்டாம். அது முழுக்கக் கம்பளி, தோள்களில் வெள்ளி ஊசிகளால் குத்தி, ஊசிகளுக்கிடையே சங்கிலி தொங்க உடுத்துவது. நாம் போர்த்தும் சால்வை அந்தப் பட்டுவின் வழிவந்தது. பட்டு பெரியது, கனமானது, வெளியூர்க்காரர்களுக்கு உடுத்த வராது. 1940-களின் தொடக்கத்தில் பம்பாய்த் திரையுலகின் நடிகை தேவிகா ராணி குல்லுவுக்கு வந்தபோது நகரத்துப் பெண்கள் போர்த்தும் அளவில் ஒன்று நெய்து தரச் சொன்னார் என்றும், அதிலிருந்தே இந்த அளவு பிறந்தது என்றும் குல்லுவில் சொல்கிறார்கள். ராம்பூர் புஷஹர் பகுதியிலிருந்து நெசவாளர்கள் வந்து குடியேறி, இமாச்சலத்தின் மற்றொரு மாவட்டமான கின்னௌரின் பாணி நிற வடிவங்களைக் கொண்டுவந்து சேர்த்ததும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். அதற்கு முன் குல்லுத் துணிகள் பெரும்பாலும் ஆட்டின் இயல்பான கருப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களோடு எளிமையாகவே இருந்தன. 1944-இல் பன்னிரண்டு நெசவாளர்கள் சேர்ந்து பதிவு செய்த கூட்டுறவுச் சங்கம்தான் இன்று புட்டிகோ என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது; நலிந்து கிடந்த அதை 1956-இல் தாக்கூர் வேத் ராம் கையிலெடுத்து நிமிர்த்தினார். தறியைக் கூட்டுறவாகக் காப்பாற்றிய ஊர் என்பதனாலேயே எனக்குக் குல்லுவின்மேல் தனி மரியாதை உண்டு.

நான் வாங்கியது கடையில் அல்ல. குல்லு நகரத்துக்கு மேலே, பியாஸ் ஆற்றை விட்டு மலையேறும் சாலையில் உள்ள ஒரு சிற்றூரில், அறிமுகமானவர் ஒருவர் அழைத்துப்போன வீட்டில். நெய்பவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நான் அவரைத் தீதி (அக்கா) என்றழைத்தேன், அவர் என்னைப் பெஹன்ஜி (சகோதரி) என்றார். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஆப்பிள் தோட்டத்து வேலை, பனி விழத் தொடங்கியதும் முழுநேரமும் தறி, இதுதான் அந்த வீட்டின் ஆண்டு. கீழ்த்தளத்தில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழும்படி தறி போட்டிருந்தார். உடலை நெய்யும்போது அவர் கயிற்றை இழுக்க இழுக்க, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா பாய்ந்து ஓடியது. மிதியும் பலகையும் நமக்குத் தெரிந்த தாளத்திலேயே பேசின. இந்தப் பகுதி ட்வில் நெசவு, அதாவது துணியின்மேல் மெல்லிய சாய்கோடுகள் ஓடும் நெசவு. இழைகள் அதில் சற்றே தளர்ந்து படுப்பதால்தான் சால்வை தோளில் விறைத்து நிற்காமல் குழைந்து விழுகிறது.

கரைக்கு வந்ததும் நாடா ஓரமாகப் போய்விட்டது. சிறுசிறு கண்டுகளாகச் சுற்றிய நிற நூல்கள் பாவின்மேல் வரிசையாகத் தொங்கின. எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் இருந்தன. தீதி மிதியை அழுத்திப் பாவை விரித்தார், விரல் நுனியால் நான்கு இழைகளைத் தள்ளி எண்ணினார், சிவப்பைச் செருகினார், அடுத்த ஆறு இழைகளுக்கு மஞ்சள், அடுத்த இரண்டுக்குக் கருப்பு. ஒரு நிறம் தன் கட்டத்தின் எல்லைக்குப் போனதும் அங்கேயே திரும்பிவிடுகிறது. அகலம் முழுக்க ஓடுவதில்லை. ஒரு வரி முடிந்ததும் பலகையால் ஓங்கி அடித்தார், பிறகு மறுபடியும் முதல் கண்டிலிருந்து. வரைபடம் எதுவும் எதிரில் இல்லை, துளையிட்ட ஜக்கார்டு அட்டை இல்லை, உதடு மட்டும் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் அங்கே ஒரு மணி நேரம் இருந்தேன். அதற்குள் கரை ஒரு விரற்கடைகூட வளரவில்லை. உடலுக்கு ஒரு நாள், இரண்டு முந்திகளுக்கும் சேர்த்து மூன்று நாள் ஆகும் என்றார். நான்கு பக்கமும் கரை வைத்து, முந்தி நிறைய வேலைப்பாடு கொண்ட சால்வையானால் ஒரு மாதம்கூட ஆகுமாம். பக்கவாட்டுக் கரை என்பது ஒவ்வொரு வரியிலும் கையை நிறுத்தி நிறம் செருகுவது. ஆகவே அதில் நாடா தன் போக்கில் ஓடவே முடியாது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு இருவர் உட்கார்ந்து உடலையும் கரையையும் ஒவ்வொரு ஊடையிலும் (குறுக்கு நூலிலும்) கோர்ப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

இப்படி இழை எண்ணிச் செருகுவதனால்தான் குல்லு கரையில் வளைவே கிடையாது. காஷ்மீரத்துச் சால்வையில் மாங்காயும் கொடியும் வளைந்து நெளிந்து போகும். அதன் அழகு வேறு. குல்லுவில் சாய்கோடுகூடப் படிப்படியாகத்தான் ஏறும், வைரத்தின் நான்கு விளிம்பும் சிறு படிக்கட்டுகள். கின்னௌரில் இந்த ஐந்து நிறங்களை ஐம்பூதங்களோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். கின்னௌர் சால்வையில் வேலைப்பாடு இன்னும் நுணுக்கமாக, முந்தி முழுக்கப் பரவியிருக்கும், விலையும் பல மடங்கு. என் கண்ணுக்குக் குல்லுவின் அளவே போதுமானது. பெரிய பழுப்புப் பரப்பு அமைதியாகக் கிடக்க, கடைசி ஒரு சாணில் நிறங்கள் கூடிப் பேசுவது போன்ற அந்த அமைப்பு, புடவைமேல் போர்த்தும்போது புடவையோடு சண்டையிடுவதில்லை. முந்தி முன்னால் விழும்படி விட்டால் கரை முழங்கைக்குக் கீழே நிற்கும். எந்தப் புடவையானாலும் ஒத்துப்போகிறது.

கரையின் பின்புறத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். என் சால்வையைத் திருப்பினால் முன்புறத்தில் உள்ள அதே வைரம், அதே நிறத்தில், ஏறத்தாழ அதே தெளிவோடு பின்னாலும் இருக்கிறது. நிறம் நிறத்தோடு சேரும் இடங்களில் நூல் திரும்பிய சிறு முடிச்சுகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன, ஆங்காங்கே புதிய கண்டு தொடங்கிய இடத்தில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. மிதக்கும் நூல் இல்லை, வெட்டிய புல் இல்லை. இடது முந்தியின் பெரிய பட்டையில் ஏழாவது வைரம் மற்றவற்றைவிட ஒரு வரி உயரம் அதிகம். தீதியின் கைக்கணக்கு அங்கே ஒரு முறை தாண்டியிருக்கிறது. அதை நான் வாங்கும்போது கவனிக்கவில்லை, மூன்றாம் ஆண்டில் ஒரு ரயில் பயணத்தில் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு போர்த்தும்போதெல்லாம் விரல் தானாக அந்த இடத்தைத் தேடுகிறது.

கம்பளியைப் பற்றி. குல்லு சால்வை என்றதும் இமயத்து ஆட்டின் ரோமம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் மிகுதி. கத்தி என்னும் மலைவாழ் இடையர் சமூகத்தார் மேய்க்கும் உள்ளூர் ஆடுகளின் கம்பளியில் நெய்த துணி குல்லுவில் இன்றும் கிடைக்கிறது. அது தடிமனானது, ஆட்டின் வாசனை மாறாதது, காற்றையும் தூறலையும் நன்றாகத் தாங்குவது. ஆனால் கழுத்தில் பட்டால் உறுத்தும். மென்மையான சால்வைகள் பெரும்பாலும் மெரினோ நூலில் நெய்யப்படுகின்றன. மெரினோ என்பது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வரும் மெல்லிய ரோமம். பஞ்சாபின் லூதியானா ஆலைகளில் நூலாகி, சாயமேறி, கட்டுக்கட்டாகக் குல்லுத் தறிகளுக்குப் போகிறது. என்னுடையதும் அதுதான், தீதியே சொல்லிவிட்டார். அங்கோரா முயலின் ரோமம் கலந்தவை, பஷ்மினா கலந்தவை, யாக் ரோமத்தில் ஆனவை என்றும் உண்டு. அங்கோரா தொட்டால் மேகம் போல இருக்கும், ஆனால் கருப்பு உடைமேல் போர்த்தினால் ரோமம் உதிர்ந்து ஒட்டும். என் தோழி ஒருத்தி அதனாலேயே தன்னுடையதை அலமாரியில் வைத்துவிட்டாள். நாள்தோறும் பயன்படுத்த மெரினோதான் சரி. உள்ளூர்க் கம்பளியில் ஒன்று வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, ஆனால் அதைப் போர்வையாக வாங்கலாமே தவிர, கழுத்தைச் சுற்றி அணியும் சால்வையாக வாங்க மாட்டேன்.

இனி என் குறை. வாங்கிய அன்று தீதி, பிரிந்துபோனால் தைத்துக்கொள்ள உதவும் என்று கரையின் ஐந்து நிறங்களிலும் ஒவ்வொரு முழம் நூல் கிள்ளிக் கொடுத்தார். முதல் சால்வையில் சூடுபட்ட நான் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றிலும் சிறு துண்டை எரித்துப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, கருப்பு மூன்றும் தலைமுடி போலக் கருகின. மஞ்சளும் பச்சையும் உருகி மணியாயின. கரையின் ஐந்து நிறங்களில் இரண்டு அக்ரிலிக். இது அவர் ஒருவர் செய்தது அல்ல, குல்லுவில் பரவலான வழக்கம் என்பது தொலைபேசியில் கேட்டபோது தெரிந்தது. அந்த எரியும் மஞ்சளையும் கிளிப்பச்சையையும் கம்பளியில் சிறு அளவில் சாயமேற்றி வாங்குவது செலவு; அக்ரிலிக் நூல் மலிவு, சாயம் போகாது, நிறம் பளிச்சென்று நிற்கும். காரணம் எனக்குப் புரிகிறது. அதை மறைத்துவிட்டுச் சுத்தமான கம்பளி என்ற ஒரே சொல்லில் முடிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உடல் கம்பளி, கரையில் இன்ன நிறங்கள் அக்ரிலிக் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் யாரும் வாங்காமல் போய்விட மாட்டார்கள். நான்கு நாள் உழைப்பைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு உண்மையைச் சொல்வது அந்த உழைப்புக்கும் நல்லது.

இந்தக் கலப்பு வெறும் கொள்கைக் குறை அல்ல என்பது இரண்டாம் ஆண்டில் தெரிந்தது. வேலை மிகுந்த ஒரு மாதத்தில் சால்வையைச் சலவைக்கடையில் கொடுத்தேன். உலர்சலவை என்று சொல்லித்தான் கொடுத்தேன், அவர்கள் வெந்நீரில் அலசிவிட்டார்கள். கம்பளி சுருங்கியது, அக்ரிலிக் சுருங்கவில்லை. விளைவு, உடல் இரண்டு அங்குலம் குறைந்து, கரையில் மஞ்சளும் பச்சையும் இருந்த இடங்கள் மட்டும் சிறு சிறு கொப்புளங்களாக எழும்பி நின்றன. முழுக்கக் கம்பளியாக இருந்திருந்தால் சேர்ந்து சுருங்கியிருக்கும், இப்படிக் கோணியிருக்காது. தீதியிடம் சொன்னபோது, ஈரத்துணியை மேலே விரித்து, இழுத்துப் பிடித்தபடி இஸ்திரியை அழுத்தாமல் வைத்து எடுக்கச் சொன்னார். நான்கைந்து முறை செய்ததில் முக்கால்வாசி படிந்துவிட்டது. மீதி இன்றும் இருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும்.

அதற்குப் பிறகு நானே துவைக்கிறேன், பருவத்துக்கு ஒரே முறை, பிப்ரவரி முடிவில். பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்து, நுரையை வடிகட்டி, குளிர்ந்த நீரில் கலந்து, கால் மணி நேரம் முக்கி வைத்து, கசக்காமல் அமுக்கி எடுத்தால் போதும். முறுக்கிப் பிழியக் கூடாது. பெரிய துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் கட்டில்மேல் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். தொங்கவிட்டால் நீரின் கனத்தில் முந்தி இழுத்துக்கொண்டு போய்விடும். கோடையில் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டுகளோடு பெட்டியில் வைக்கிறேன். ஒரே ஓர் ஆண்டு சோம்பலில் அப்படியே மடித்து வைத்ததற்குப் பூச்சி பட்டாணி அளவில் ஓர் ஓட்டை போட்டுவிட்டது. சிவப்பு நூலின் மிச்சம் இருந்ததால் கரையில் விழுந்த அந்த ஓட்டையை ஆரணிக்குப் போனபோது எங்கள் தெருவில் புடவை இழையோட்டும் பெரியம்மா ஒருவர் அடைத்துக் கொடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது எந்த ஊர்த் தறிடியம்மா, ரெண்டு பக்கமும் முகமா இருக்கே" என்றார்.

சூட்டைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. தில்லியின் ஜனவரி நான்கைந்து டிகிரிக்கு இறங்கும், அதைவிட மூடுபனியின் ஈரம்தான் எலும்பைத் தொடும். மார்கழி விடியலில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்க் குளிர்ந்த கல்தரையில் உட்காரும்போது ஸ்வெட்டரின்மேல் இது ஒன்று இருந்தால் தாங்கிவிடுகிறது. இரட்டையாக மடித்துப் போர்த்தினால் காதும் கழுத்தும் சேர்ந்து மூடும். அலுவலகத்தில் ஹீட்டர் போட்டதும் உடனே கழற்றத் தோன்றாத அளவுக்கு இது மூச்சு விடுகிறது, அக்ரிலிக் சால்வையில் வரும் அந்த வேர்வைப் பிசுபிசுப்பு இல்லை. மோதிரம், வளையல் பட்டு இழை வெளியே வந்தது நான்கைந்து முறை. மழுங்கிய ஊசியால் பின்பக்கம் தள்ளிவிட்டால் சரியாகிவிடுகிறது. தோள்பையின் வார் உரசும் இடத்தில் மட்டும் சிறிது பந்து கட்டியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் உடலின் பழுப்பு மங்கவில்லை. கரையில் சிவப்பு கொஞ்சம் ஆழ்ந்திருக்கிறது, மஞ்சள் வாங்கிய அன்று போலவே எரிகிறது. அந்த வேறுபாட்டைப் பார்த்தாலே எது கம்பளி, எது இல்லை என்று சொல்லிவிடலாம்.

விலையைப் பார்த்து மலைக்கிறவர்களுக்கு ஒரு சொல். நான்கு நாள் வேலையும், 380 கிராம் மெரினோ நூலும், அதற்கு முன்பு பாவு ஓட்டித் தறியின் விழுதில் இழை பிணைக்கும் நேரமும் சேர்ந்தது 3,400 ரூபாய். கரை மிக எளிமையாக, ஒற்றைப் பட்டையோடு இருந்தால் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். 900 ரூபாய்க்கு மூன்று பட்டை, ஐந்து நிறம், கைத்தறி என்று யாராவது நீட்டினால் திருப்பிப் பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் பகட்டான அகலக் கரையை ஆசைப்பட்டு விசைத்தறித் துணியை வாங்குவதைவிட, சின்னக் கரையோடு நல்ல கம்பளியை வாங்குவது எவ்வளவோ மேல். கடையில் வாங்குகிறவர்கள் புவிசார் குறியீட்டுச் சீட்டையும் கைத்தறி முத்திரையையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் சீட்டை நம்பிக் கரையைத் திருப்பாமல் இருந்துவிடாதீர்கள். ஆண்களுக்கென்று லோய் என்ற பெரிய அளவு இருக்கிறது, பெரும்பாலும் வேலைப்பாடு குறைவாக இருக்கும்; உயரமானவர்கள், ரயிலில் போர்த்தித் தூங்க நினைப்பவர்கள் அதையே கேட்டு வாங்கலாம். ஸ்டோல் என்னும் சின்ன அளவு தில்லிக் குளிருக்குப் போதாது, கொடைக்கானல் மாலைக்கு வேண்டுமானால் சரி.

இந்தத் தசராவுக்குப் பிறகு தீதியிடம் இன்னொன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், அம்மாவுக்கு. ஜனவரியில் தில்லிக்கு வந்தால் என்னுடையதைத்தான் எடுத்துப் போர்த்திக்கொள்கிறார், திருப்பித் தர மனமில்லாமலே தருகிறார். உடல் ஆழ்ந்த நீலம், கரையில் அதே வைரம். ஆனால் மஞ்சளும் பச்சையும் கம்பளியிலேயே வேண்டும் என்று கேட்டேன். முதலில் தயங்கினார். சாயக்காரர் அரைக் கிலோவுக்குக் குறைந்து சாயமேற்ற மாட்டார் என்றார். மீதி நூலையும் நானே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றதும் ஒப்புக்கொண்டார். 700 ரூபாய் கூடுதல். மஞ்சள் அவ்வளவு பளிச்சென்று வராது, கொன்றைப்பூ நிறம் போய் மஞ்சள் கிழங்கு நிறமாகத்தான் நிற்கும் என்று எச்சரிக்கும் விதத்தில் ஒரு மாதிரித் துணுக்கைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் காட்டினேன், அதுதான் அழகு என்கிறார். பாவு ஏற்றியாகிவிட்டது, மகர சங்கராந்திக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.